பிளக்கின் மூன்றாவது முனை

(மூன்றாம் ஆண்டு இயற்பியல் மாணவர் ஒருவர் எழுதியது)

மின்சாரம் நல்ல வேலைக்காரன். ஆனால் கண்ணுக்குத் தெரியாத வேலைக்காரன். விறகு எரிந்தால் புகை தெரியும். பாம்பு வந்தால் சீறும் ஒலி கேட்கும். மின்சாரமோ கம்பியில் இருந்தாலும் இல்லாவிட்டாலும் கம்பி ஒரே தோற்றத்தில்தான் இருக்கும். எனவே, அதனோடு பழகுவோர் கண்ணை நம்பாமல் அறிவையே நம்பவேண்டும். நாள்தோறும் நம் கைபடும் மூன்று பின் பிளக் என்னும் சிறு பொருளை முன்வைத்து, வீட்டு மின் இணைப்பின் பாதுகாப்பை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். ஒயர்மேன்கள் ‘பின்’ என்று கூறுவதை இங்கே ‘முனை’ என்று வழங்குவோம்.

இந்த ஆராய்ச்சி வகுப்பறையில் பிறந்ததன்று. எங்கள் வீட்டுச் சமையலறையில் பிறந்தது.

ஒரு புதிர்

எங்கள் வீடு பழைய ஓட்டு வீடு. சில மாதங்களுக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், என் தம்பி குளிர்பதனப் பெட்டியைத் திறக்கக் கை வைத்தவன் ‘ஆ’ என்று அலறிக் கையை இழுத்துக்கொண்டான். பழுது பார்ப்பவரை அழைத்தோம். அவர் புதன்கிழமை வந்து எல்லாவற்றையும் சோதித்துவிட்டு, “பெட்டியில் ஒரு குறையும் இல்லை தம்பி, ஈரக் கையோடு தொட்டிருப்பான்” என்று கூறிச் சென்றார். அடுத்த ஞாயிறன்று அம்மாவுக்குச் சமையலறைக் குழாயில் ‘சுருக்’ கென்றது. தண்ணீர்க் குழாயில் மின்சாரம்! பாட்டி அதற்குப் பேய் என்றே முடிவு கட்டிவிட்டார்.

குறையற்ற பெட்டி ஏன் அடித்தது? மின்சாரமே செல்லாத குழாய் ஏன் அடித்தது? அதுவும் ஞாயிற்றுக்கிழமையில் மட்டும் ஏன்? விடை காணுமுன் சில அடிப்படைகளை அறிந்துகொள்வோம்.

வந்த வழியும் திரும்பும் வழியும்

நம் வீடுகளுக்கு 230 வோல்ட் அழுத்தத்தில், நொடிக்கு 50 சுழற்சி உடைய மாறுதிசை மின்சாரம் வருகிறது. ‘பேஸ்’ என்னும் கம்பி வழியே வரும் மின்னோட்டம் கருவியில் வேலை செய்துவிட்டு ‘நியூட்ரல்’ என்னும் கம்பி வழியே திரும்புகிறது. தெருமுனை மின்மாற்றியில் இந்த நியூட்ரல் மண்ணோடு இணைக்கப்பட்டிருக்கிறது. அதனால்தான் தரையில் நிற்கும் ஒருவர் பேஸ் கம்பி ஒன்றை மட்டுமே தொட்டாலும் அவர் உடல், மண், மின்மாற்றி என்று சுற்று முழுமை பெற்று மின்சாரம் பாய்கிறது.

எவ்வளவு பாயும்? ஓம் விதியைக் கொண்டு கணக்கிடலாம். ஈரமான மனித உடலின் மின்தடையை ஏறத்தாழ 1000 ஓம் என்று கொண்டால், 230ஐ 1000ஆல் வகுக்க 0.23 ஆம்பியர், அதாவது 230 மில்லி ஆம்பியர் கிடைக்கும். ஒரு மில்லி ஆம்பியர் பாய்ந்தாலே உணரலாம். பத்து மில்லி ஆம்பியரைத் தாண்டினால் தசைகள் இறுகிப் பிடித்த பொருளை விட முடியாமற் போகும். முப்பதுக்கு மேல் மூச்சுத் திணறும். ஐம்பது முதல் நூறு வரை சென்றால் இதயம் ஒழுங்கான துடிப்பை இழந்து வெறுமனே நடுங்கத் தொடங்கும். சில நிமிடங்களில் உயிர் பிரியும். நாற்பது வாட் குண்டு பல்பு ஒன்று எரிய 174 மில்லி ஆம்பியர் வேண்டும். ஒரு சிறு பல்புக்குப் போதாத மின்னோட்டம் ஓர் உயிரைப் போக்கப் போதும் என்பதை எண்ணிப் பாருங்கள்.

மூன்றாவது முனை எதற்கு?

கருவி வேலை செய்யப் பேஸ், நியூட்ரல் என்னும் இரண்டு முனைகளே போதும். மூன்றாவது முனையான ‘எர்த்’ இல்லாமலேயே இஸ்திரிப் பெட்டி சுடும். கிரைண்டர் மாவு ஆட்டும். அந்த முனைக்கு அன்றாட வேலை எதுவும் இல்லை. வாசலில் அமர்ந்திருக்கும் காவற்காரனைப் போல, ஒரு நாள் வரக்கூடிய ஆபத்துக்காகவே அது காத்திருக்கிறது. வேலை செய்யாதவன் என்று காவற்காரனை நீக்கிவிடும் வீடுகள்தாம் இன்று மிகுதி!

எர்த் முனை கருவியின் உலோக உடலோடு இணைந்திருக்கும். சுவரில் உள்ள சாக்கெட்டின் எர்த் துளை, பச்சைக் கம்பி வழியே வீட்டின் எர்த் குழியோடு இணைந்திருக்கும். கருவிக்குள் காப்பு கெட்டுப் பேஸ் கம்பி உலோக உடலைத் தொட்டுவிட்டால், மின்சாரம் மனிதன் வழியே செல்லாமல் எளிய வழியான எர்த் கம்பியில் இறங்கிவிடும். மின்னோட்டம் திடீரென்று பெருகுவதால் பியூஸ் உருகி, இணைப்பும் அறுந்துவிடும்.

நீளமும் பருமனும்

நம் நாட்டுப் பிளக்கின் வடிவம் ஆங்கிலேயர் வழி வந்தது. பிரிட்டனில் 1934இல் வெளியான பி.எஸ். 546 என்னும் தர அளவில் வட்ட முனைப் பிளக்குகளின் அளவுகள் வரையறுக்கப்பட்டன. பின்னர் அவ்வடிவத்தையே தழுவி நம் ஐ.எஸ். 1293 தர அளவு அமைந்தது. முன்பு 5 ஆம்பியர், 15 ஆம்பியர் என்று வழங்கியவை இன்று 6, 16 என்று வழங்குகின்றன. சிறிய பிளக்கில் பேஸ், நியூட்ரல் முனைகளின் விட்டம் சுமார் 5 மில்லி மீட்டர். நீளம் சுமார் 15. எர்த் முனையின் விட்டமோ சுமார் 7. நீளம் சுமார் 21.

எர்த் முனை ஏன் நீளம்? பிளக்கைச் செருகும்போது அது முதலில் தொடவேண்டும். பிடுங்கும்போது கடைசியில் விலக வேண்டும். அதாவது கருவியில் மின்சாரம் இருக்கும் ஒவ்வொரு கணமும் அதன் உடல் மண்ணோடு இணைந்திருக்க வேண்டும். காவற்காரன் வந்த பிறகே கதவு திறக்கப்படும். கதவு அடைத்த பிறகே அவன் வீடு திரும்புவான்.

ஏன் பருமன்? “பருமன் மிகுந்தால் மின்தடை குறையும், எனவே எர்த் முனை தடித்திருக்கிறது” என்று நம்மில் பலர் தேர்வில் எழுதி மதிப்பெண் பெற்றிருக்கிறோம். இது சரிதானா என்று கணக்கிட்டுப் பார்ப்போம். பித்தளையின் தன்மின்தடை சுமார் 7 × 10⁻⁸ ஓம் மீட்டர். 21 மி.மீ. நீளமுள்ள முனை 5 மி.மீ. விட்டமுடையதாயின் அதன் தடை ஏறத்தாழ 0.000075 ஓம், 7 மி.மீ. விட்டமாயின் 0.000038 ஓம். இரண்டுக்கும் உள்ள வேறுபாடு 0.00004 ஓமுக்கும் குறைவு. அந்த முனையிலிருந்து எர்த் குழி வரை செல்லும் 1.5 சதுர மி.மீ. செம்புக் கம்பி பத்து மீட்டர் நீளமென்றால் அதன் தடை 0.115 ஓம். பருமனால் குறைந்த தடை, கம்பியின் தடையில் மூவாயிரத்தில் ஒரு பங்கு! யானை சுமக்கும் பாரத்திலிருந்து ஓர் எறும்பை இறக்கிவிட்டது போன்றதுதான் இது.

உண்மைக் காரணம் வேறு. தடித்த முனை பேஸ் துளைக்குள் நுழையாது. இருட்டில், அவசரத்தில், கட்டிலுக்கு அடியில் கைவிட்டுத் தடவிச் செருகினாலும் கருவியின் உடலைப் பேஸ் கம்பியோடு இணைக்கும் தவறு நேராது. மனிதன் தவறு செய்வான் என்று முன்கூட்டியே எண்ணி, அத்தவறு நடக்கவே முடியாதபடி வடிவத்தில் தடை வைப்பதே சிறந்த பொறியியல். சில முனைகளின் நடுவே பிளவு இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அது முனைக்கு வில்போன்ற இயல்பைத் தந்து, துளையின் சுவரை இறுகப் பற்றச் செய்கிறது.

பற்று இறுகாவிட்டால் என்ன? மூவாயிரம் வாட் வெந்நீர்க் கருவி 13 ஆம்பியர் மின்னோட்டம் எடுக்கும். தளர்ந்த சாக்கெட்டில் 0.1 ஓம் தடை தோன்றினாலும், மின்னோட்டத்தின் இருமடியைத் தடையால் பெருக்கினால் சுமார் 17 வாட் வெப்பம் ஒரு விரல்நுனி அளவு இடத்தில் பிறக்கும். சாக்கெட் பழுப்பேறிக் கருகுவது இதனால்தான்.

பிற நாட்டார் கண்ட வழி

இரண்டாம் உலகப் போருக்குப் பின் பிரிட்டனில் பல இலட்சம் வீடுகள் கட்ட வேண்டியிருந்தது, செம்போ பற்றாக்குறை. எனவே ஒவ்வொரு சாக்கெட்டுக்கும் தனிக் கம்பி இழுக்காமல், 30 ஆம்பியர் காப்புடைய ஒரே கம்பியை வளையமாகச் சுற்றிவிட்டு எல்லாச் சாக்கெட்டுகளையும் அதில் இணைத்தனர். ஆனால் ஒரு மேசை விளக்கின் மெல்லிய கம்பியை 30 ஆம்பியர் பியூஸ் காக்காது. பியூஸ் உருகுமுன் கம்பி தீப்பற்றிவிடும். ஆகவே பிளக்குக்குள்ளேயே 3 அல்லது 13 ஆம்பியர் பியூஸ் ஒன்றை வைத்தனர். இவ்வாறு 1947இல் பிறந்ததுதான் பி.எஸ். 1363 என்னும் சதுர முனைப் பிளக். அதன் நீண்ட எர்த் முனை முதலில் நுழைந்து, மற்ற இரு துளைகளையும் மூடியிருக்கும் திரையைத் திறக்கும். குழந்தை ஆணியையோ கம்பியையோ அத்துளைகளில் நுழைக்க இயலாது. திரையுள்ள சாக்கெட்டுகள் இன்று நம் கடைகளிலும் கிடைக்கின்றன.

சிங்கப்பூர், மலேசியா ஆகிய நாடுகளிலும் இதே பிளக்தான். அங்கிருந்து உறவினர் கொண்டுவரும் கருவியின் பிளக்கை வெட்டி எறிந்துவிட்டு நம் வட்ட முனைப் பிளக்கை மாட்டுவது நம்மவர் வழக்கம். அப்போது குப்பைக்குப் போவது வெறும் பிளக் அன்று. அக்கருவியின் கம்பியைக் காத்துநின்ற பியூஸும் சேர்ந்தே போகிறது.

பியூஸ் எதைக் காக்கிறது?

‘பியூஸ் இருக்கிறதே, பயமென்ன?’ என்பது பலருடைய எண்ணம். 5 ஆம்பியர் பியூஸ் என்றால் 5000 மில்லி ஆம்பியர் வரை அது பொறுத்திருக்கும். மனித உயிருக்கோ 50 மில்லி ஆம்பியரே போதும். ஆகவே பியூஸும், அதன் இக்கால வடிவமான எம்.சி.பி. என்னும் தானியங்கிச் சுவிட்சும் கம்பியைத் தீயிலிருந்து காக்கப் பிறந்தவை. தொட்டவரைக் காக்கப் பிறந்தவையல்ல. அந்தக் காப்பையும் கெடுப்பது போல, பியூஸ் போனவுடன் கையில் கிடைத்த செம்புக் கம்பியை முறுக்கிப் போடுகிறோம். அது உருகாது, வீடு எரியும்.

எர்த் இருந்தாலும் குழியின் தன்மையைப் பொறுத்தே பயன் உண்டு. குழியும் மின்மாற்றியின் இணைப்பும் சேர்ந்து 3 ஓம் என்றால், பழுதுற்ற கருவியிலிருந்து 77 ஆம்பியர் பாய்ந்து 16 ஆம்பியர் பியூஸ் உருகிவிடும். கோடையில் மண் வறண்டு குழியின் தடை 20 ஓமாக உயர்ந்து, மின்மாற்றியின் இணைப்பு 2 ஓமாக இருந்தால், 230ஐ 22ஆல் வகுக்கச் சுமார் 10 ஆம்பியரே பாயும். பியூஸ் அசையாது. கருவியின் உடலோ 209 வோல்ட்டில் நிற்கும்! எர்த் இருக்கிறது என்ற நம்பிக்கையோடு தொடுபவர் ஏமாந்துபோவார். எர்த் குழிக்கு அவ்வப்போது நீர் ஊற்றச் சொல்வது இதனால்தான்.

இந்தக் குறையைப் போக்க வந்ததே கசிவுக் காப்புச் சுவிட்சு. கடைக்காரர்கள் இதனை ஆர்.சி.சி.பி. என்பர். பேஸ், நியூட்ரல் இரண்டும் ஓர் இரும்பு வளையத்தின் ஊடே செல்லும். போனதும் திரும்பியதும் சமமானால் அவற்றின் காந்தப் புலங்கள் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். சிறிதளவு மின்சாரம் மண்ணுக்கோ மனிதனுக்கோ கசிந்தால் சமன் குலைந்து, வளையத்தில் சுற்றிய சுருளில் மின்னழுத்தம் தூண்டப்பட்டுச் சுவிட்சு விழுந்துவிடும். வரவுசெலவுக் கணக்கில் காசு குறைந்தவுடன் கடையை மூடிவிடும் கணக்கப்பிள்ளை போன்றது இது. வீடுகளுக்கு 30 மில்லி ஆம்பியர் அளவினதே ஏற்றது. ஆயினும் ஒருவர் மண்தொடர்பின்றிப் பேஸையும் நியூட்ரலையும் ஒருசேரத் தொட்டால் இதனாலும் காக்க இயலாது. கணக்கு அங்கே சரியாகவே இருக்கும்.

புதிர் அவிழ்ந்தது

இனி எங்கள் வீட்டுக்கு வருவோம். எங்கள் தெரு ஒயர்மேன் அண்ணன் வந்தார். “தம்பி, ஞாயிற்றுக்கிழமை காலையில் மட்டும் வீட்டில் என்ன ஓடும்?” என்றார். நான் விழித்தேன். அம்மாதான் சொன்னார்: “மாவு ஆட்டுவேன்.”

எல்லாப் பிளக்குகளையும் கழற்றச் சொல்லிவிட்டு, யாரும் குழாயைத் தொடக்கூடாதென்று எங்களை வெளியே நிறுத்தி, பேஸுக்கும் எர்த் துளைக்கும் இடையே ஒரு பல்பை இணைத்துப் பார்த்தார். பல்பு எரியவில்லை. சமையலறையிலிருந்த வேறொரு சாக்கெட்டிலும் அப்படியே. “எர்த் கம்பி இருக்கிறது, எர்த்தான் இல்லை” என்றார். (இச்சோதனையை நாம் செய்யலாகாது. எர்த் அறுந்த வீட்டில் இப்படிச் செய்தால் எர்த் கம்பியோடு இணைந்த அனைத்திலும் மின்சாரம் ஏறும்.)

பச்சைக் கம்பியைத் தேடிக்கொண்டு போனோம். எங்கள் தாத்தா காலத்தில் வீட்டின் எர்த் கம்பியை இரும்புத் தண்ணீர்க் குழாயில் சுற்றியிருந்தனர். அன்று குழாய் முழுவதும் இரும்பு. தெரு வரை மண்ணுக்குள் ஓடியது. எனவே எர்த் வேலை செய்தது. சில ஆண்டுகளுக்கு முன் துருப்பிடித்த குழாயை எடுத்துவிட்டுப் பி.வி.சி. குழாய் போட்டோம். சமையலறைச் சுவரில் மட்டும் ஒரு முழ நீள இரும்புக் குழாயும் திருகும் மிஞ்சின. எர்த் கம்பி அந்தத் துண்டில்தான் சுற்றியிருந்தது. பிளாஸ்டிக் குழாய் மின்சாரத்தைக் கடத்தாது. எர்த் அன்றே அறுந்தது; ஒருவருக்கும் தெரியாது. பழுது பார்க்க வந்தவரும் குழாய் மாற்ற வந்தவரும் அவரவர் வேலையைச் சரியாகவே செய்தனர். இரண்டு நல்ல வேலைகளுக்கு நடுவே ஆபத்து குடிபுகுந்தது.

கிரைண்டரின் மோட்டாருக்குள் மாவுத் தண்ணீர் இறங்கிக் காப்பு நைந்திருந்தது. கசிந்த மின்சாரம் கிரைண்டரின் உடலுக்கு வந்து, மூன்றாவது முனை வழியே எர்த் கம்பியில் ஏறியது. மண்ணுக்குப் போக வழியில்லை. அதே கம்பியோடு இணைந்த குளிர்பதனப் பெட்டியின் உடலிலும் குழாயிலும் போய் நின்று, ஈரத் தரையில் நிற்கும் ஒருவரை எதிர்பார்த்திருந்தது. காவற்காரனே கள்வனை வீடெங்கும் அழைத்துச் சென்ற கதை! அம்மா எப்போதும் மரப்பலகைமேல் அமர்ந்து மாவு ஆட்டும் வழக்கமுடையவர். கிரைண்டரின் அருகிலேயே இருந்த அவருக்கு அதில் ஒன்றும் தெரியாமற் போனதற்கு அந்தப் பலகையே காரணம். கசிவு சிறிதாக இருந்ததால் ‘சுருக்’கோடு போயிற்று. காப்பு முழுதும் கெட்டிருந்தால் இக்கட்டுரையை எழுதும் மனநிலை எனக்கு இருந்திராது.

இப்போது கொல்லையில் சுமார் இரண்டரை மீட்டர் ஆழத்தில் இரும்புக் குழாய் இறக்கி, கரியும் உப்பும் இட்டு, புதிய எர்த் போட்டிருக்கிறோம். மெயின் சுவிட்சுக்கு அருகில் கசிவுக் காப்புச் சுவிட்சும் வந்துவிட்டது. அதை மாட்டிய அன்று பழைய கிரைண்டரை ஓட்டினோம். கண்ணிமைக்கும் நேரத்தில் சுவிட்சு விழுந்தது. பாட்டியின் பேய் பிடிபட்டது.

நாம் செய்யத் தக்கவை

1. எர்த் முனையை வெட்டி இரு துளைச் சாக்கெட்டில் செருகாதீர்கள். உலோக உடலுள்ள கருவிக்கு மூன்று முனை கட்டாயம். ஒரு சதுரத்துக்குள் மற்றொரு சதுரம் அச்சிட்ட, இரட்டைக் காப்புடைய கருவிக்கு மட்டும் இரண்டு முனை போதும்.

2. பிளக் மாட்டும்போது நிறம் அறிந்து மாட்டுங்கள். கருவிக் கம்பியில் பழுப்பு பேஸ், நீலம் நியூட்ரல், பச்சை-மஞ்சள் எர்த். பழைய கம்பிகளில் சிவப்பு, கறுப்பு, பச்சை. மும்முனை இணைப்புள்ள வீட்டுச் சுவர்களில் நீலம் பேஸாகவும் இருக்கக்கூடும். நிறத்தை மட்டும் நம்பலாகாது. பிளக்குக்குள் எர்த் கம்பியைச் சற்று நீளமாக விடுங்கள். யாரேனும் இழுத்தால் அது கடைசியில் அறும்.

3. சுவிட்சு எப்போதும் பேஸ் கம்பியில் இருக்கட்டும். நியூட்ரலில் இருந்தால் விளக்கு அணையும், மின்சாரம் அணையாது.

4. ஆறு ஆம்பியர் சாக்கெட்டில் மல்டி பிளக் வைத்து ஆயிரம் வாட் இஸ்திரிப் பெட்டியையும் ஆயிரத்து ஐந்நூறு வாட் கெட்டிலையும் ஒன்றாக ஓட்டாதீர்கள். இரண்டும் சேர்ந்து ஏறத்தாழ 11 ஆம்பியர்.

5. துணி காயப்போடும் இரும்புக் கம்பியைச் சர்வீஸ் ஒயர் வரும் குழாயிலோ மின்கம்பத்திலோ கட்டாதீர்கள்.

6. கசிவுக் காப்புச் சுவிட்சில் உள்ள சோதனைப் பொத்தானை மாதம் ஒருமுறை அழுத்திப் பாருங்கள். விழாத சுவிட்சு வெறும் அலங்காரம்.

7. ஒருவரை மின்சாரம் பிடித்துக்கொண்டால் அவரைத் தொடாதீர்கள். முதலில் மெயின் சுவிட்சை அணையுங்கள். முடியாவிட்டால் உலர்ந்த மரக்கட்டையால் விலக்குங்கள். 108ஐ அழையுங்கள். மூச்சு நின்றிருந்தால் நெஞ்சை அழுத்தும் முதலுதவியை உடனே தொடங்குங்கள்.

முடிவுரை

கண் கெட்ட பிறகு சூரிய வணக்கம் என்பது நம் நாட்டுப் பழமொழி. இந்த விடுமுறையில் ஊருக்குச் செல்லும் ஒவ்வொரு மாணவரும் தம் வீட்டுப் பச்சைக் கம்பி எங்கே போய் முடிகிறது என்று ஒருமுறை தேடிப் பார்க்க வேண்டுகிறேன். அது ஒரு குழாய்த் துண்டிலோ, சுவருக்குள் எங்கோ அறுந்த நுனியிலோ முடிந்தால், அன்றே ஓர் ஒயர்மேனை அழையுங்கள். ஆய்வகத்தில் நாம் சரிபார்க்கும் ஓம் விதி நம் அன்னையர் நிற்கும் ஈரத் தரையிலும் செல்லுபடியாகும். படித்த படிப்பு முதலில் அங்கே பயன்படட்டும்.